லூபிடெல்: நெகட்டிவைப் பிடித்துப் பார்த்தால் நோய் தெரியும்

லூபிடெல் என்ற பழைய ரஷ்ய ஃபிலிம் கேமராவை வாங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டாவது ரோலில்தான் கவலைப்படத் தொடங்குகிறார்கள். முதல் ரோல் சொதப்பினால் "பழைய கேமராதானே, பழக வேண்டும்" என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இரண்டாவதும் மங்கலாக, வெள்ளைத் தீற்றலோடு, ஒரு படத்தின் மேல் இன்னொன்று ஏறி வந்தால் உடனே கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். டெவலப் ஆகி வந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்கேன் செய்து வந்த படங்கள் போதாது. ஸ்கேனில் ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும். நமக்கு வேண்டிய தடயம் பாதி நேரம் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

லூபிடெல் என்றால் ரஷ்ய மொழியில் தொழிலுக்காக இல்லாமல் ஆசைக்குச் செய்கிறவர், அதாவது அமெச்சூர். லெனின்கிராட்டில், பின்னாளில் லோமோ என்று பெயர் மாறிய தொழிற்சாலையில் 1949இல் தொடங்கிய வரிசை இது. ஜெர்மனியின் வோய்க்ட்லாண்டர் பிரில்லியன்ட் கேமராவைப் பார்த்துச் செய்த கொம்சொமோலெட்ஸ் இதற்கு அண்ணன். அப்புறம் லூபிடெல்-2, 1970களின் பிற்பகுதியில் 166, அதன் பின் 166 பி, 166 யுனிவர்சல். இதில் 'பி' என்று நாம் படிப்பது ரஷ்ய எழுத்து, அதன் ஒலி 'வி'. எல்லாரும் 'பி' என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

இங்கே சொல்வது லூபிடெல்-2, 166 பி, யுனிவர்சல் மூன்றுக்கும் பொருந்தும். 120 ஃபிலிம், 6×6 சென்டிமீட்டரில் 12 படம், மூன்று கண்ணாடி கொண்ட டி-22 என்ற 75 மில்லிமீட்டர் எஃப்/4.5 லென்ஸ், அதற்குள்ளேயே ஷட்டர். பேட்டரி இல்லை, லைட் மீட்டர் இல்லை, மேலே தூக்கும் கண்ணாடி இல்லை. கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லாத கேமரா. அதனால்தான் இதில் வரும் கோளாறுகளில் பாதி கேமராவுடையது, மீதி பாதி நம்முடையது.

ரோல் முழுக்க ஒன்றுமே இல்லை

ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே கம்பெனி பெயரும் எண்களும் அச்சாகியிருக்கும். அவை பளிச்சென்று கருப்பாகத் தெரிந்தால் டெவலப் செய்தவர் மேல் தப்பில்லை. ஃபிலிமுக்கு வெளிச்சமே போகவில்லை. ஓர எழுத்தும் இல்லாமல் ஃபிலிம் கண்ணாடி மாதிரி இருந்தால் கெமிக்கல் பக்கம்தான் கோளாறு, கேமராவை விட்டுவிடுங்கள். முழுக்க ஒரே கருப்பாக இருந்தால் எங்கேயோ ரோல் மொத்தமாக வெளிச்சம் பட்டிருக்கிறது.

ஓர எழுத்து இருந்து படம் மட்டும் இல்லையென்றால் முதலில் லென்ஸ் மூடியைச் சந்தேகப்படுங்கள். சிரிக்க வேண்டாம். இது இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் ஃபிலிம் பார்ப்பதற்கு. கீழே மட்டும் ஏதாவது மூடியிருந்தால் வியூஃபைண்டரில் உலகம் அழகாகவே தெரியும். நான் ஒரு முறை கழுத்துப் பட்டை கீழ் லென்ஸின் முன்னால் தொங்க, நான்கு படம் எடுத்திருக்கிறேன். நெகட்டிவில் பட்டை ஒரு மங்கலான நிழலாக விழுந்திருந்தது.

மூடியும் இல்லை, பட்டையும் இல்லை என்றால் ஷட்டர் திறக்கவே இல்லை. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

ஒரு படத்தின் மேல் இன்னொரு படம்

இது கேமராவின் நோய் அல்ல. இந்த மூன்று மாடல்களிலும் ஃபிலிம் சுற்றுவதற்கும் ஷட்டரை ஏற்றுவதற்கும் சம்பந்தம் கிடையாது. குமிழைத் திருகினால் ஃபிலிம் நகரும். லென்ஸ் ஓரத்து நெம்பை இழுத்தால் ஷட்டர் ஏறும், அதாவது அடுத்த தட்டலுக்கு அதன் ஸ்பிரிங் தயாராகும். ஃபிலிமை நகர்த்தாமல் ஷட்டரை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏற்றித் தட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரே சதுரத்தில் அப்பாவும் தென்னை மரமும் சேர்ந்து வருவது அப்படித்தான்.

மருந்து ஒரு பழக்கம்: எடுத்த கையோடு சுற்றிவிடுவது. அடுத்த படத்துக்கு முன்னால் சுற்றலாம் என்று வைத்தால் மறந்துபோகும். தட்டியதும் சுற்று, சுற்றியதும் வியூஃபைண்டரை மடக்கு. "சுற்றினேனா இல்லையா" என்று சந்தேகம் வந்தால் சுற்றிவிடுங்கள். ஒரு காலிச் சதுரம் போனால் போகட்டும், இரண்டு படம் சேர்ந்து கெடுவதற்கு அது தேவலை.

படங்கள் முழுசாக ஏறாமல் ஓரத்தில் மட்டும் ஒன்றை ஒன்று மேய்ந்தால் கதை வேறு. 120 ஃபிலிமோடு சேர்ந்தே சுருண்டிருக்கும் பின்தாளில் மூன்று வரிசை எண்கள் உண்டு; கேமராவின் பின்மூடியில் உள்ள சிவப்புக் கண்ணாடி ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்துத்தான் சுற்றுகிறோம்: 6×9க்கு 8 வரை, 6×6க்கு 12 வரை, 6×4.5க்கு 16 வரை. நடு வரிசைதான் நமக்கு. 166 யுனிவர்சலில் 6×4.5 எடுக்கத் தனிச் சட்டமும் அதற்கென்று இன்னொரு சிவப்பு ஜன்னலும் இருக்கின்றன. சட்டத்தைப் போடாமல் 16 எண் வரிசையைப் பார்த்துச் சுற்றினால் எல்லாப் படமும் மேய்ந்துகொண்டுதான் வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அந்தச் சட்டம் தொலைந்தே வரும். ஆகவே நடு வரிசையைப் பாருங்கள், முடிந்தது.

எண்ணே தெரியவில்லையா? இன்றைய ஃபிலிம் சிலவற்றில் பின்தாள் எண்கள் வெளிர் சாம்பலில் அச்சாகின்றன. சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பேய் மாதிரி வந்து போகும். எண்ணுக்கு முன்னால் புள்ளிகளோ கோடுகளோ வரும், அவற்றைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். எண் மருந்துக்குக்கூட வரவில்லை, ஜன்னலில் ஒரே கருப்பு என்றால் ரோலை உள்புறம் வெளிப்புறமாக மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். தாளின் கருப்புப் பக்கம்தான் லென்ஸைப் பார்க்க வேண்டும்.

எல்லாப் படமும் மங்கல்

லூபிடெல் மேல் சொல்லப்படும் பழிகளில் இதுதான் பெரிது. "பிளாஸ்டிக் கேமரா, அப்படித்தான் வரும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டி-22 கண்ணாடி லென்ஸ். லென்ஸ் துளையை எஃப்/8, எஃப்/11 அளவுக்குச் சுருக்கி எடுத்தால் நெகட்டிவில் கூரையின் ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். உங்களுக்கு அப்படி வரவில்லை என்றால் ஏதோ சரியில்லை.

முதலில் மங்கல் எந்த வகை என்று பிரியுங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. ஷட்டர் நெம்பு லென்ஸின் பக்கத்தில் இருப்பதால் அழுத்தும்போது கேமராவும் கொஞ்சம் சாயும். 1/15, 1/30 வினாடி ஷட்டர் வேகங்கள் இரண்டையும் கையில் பிடித்து எடுக்காதீர்கள். 1/125இல் வையுங்கள், கழுத்துப் பட்டையைக் கீழ்நோக்கி இறுக்கிப் பிடியுங்கள், நெம்பைத் தட்டாமல் மெல்லத் தள்ளுங்கள்.

படத்தில் எங்கோ ஓரிடம் கூர்மையாக இருந்து, நீங்கள் குறிவைத்த இடம் மட்டும் மங்கியிருந்தால் ஃபோகஸ் தப்பு. அதிலும் இரண்டு உண்டு.

ஒன்று, நம் கண் ஏமாறுவது. லூபிடெல் வியூஃபைண்டர் பளபளவென்று இருக்கும். கடையில் பார்த்தவுடன் ஆசை வருவதே அதனால்தான். ஆனால் அந்தச் சதுரத்தில் ஃபோகஸ் காட்டுவது நடுவில் இருக்கும் சின்ன மங்கல் வட்டம் மட்டுமே. மீதி இடமெல்லாம் தெளிவான கண்ணாடி. லென்ஸை எப்படித் திருப்பினாலும் அங்கே எல்லாம் தெளிவாகவே தோன்றும். முகத்தைச் சதுரத்தின் மூலையில் வைத்துக்கொண்டு ஃபோகஸ் செய்தேன் என்றால் ஃபோகஸே செய்யவில்லை என்று பொருள். முகத்தை நடு வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், வியூஃபைண்டர் மூடியில் மடங்கியிருக்கும் உருப்பெருக்கியை எழுப்பிக் கண்ணை ஒட்டிவைத்துத் திருப்புங்கள், அதன் பிறகு கேமராவை நகர்த்திப் படத்தின் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு, மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் ஒத்துப்போகாதது. இரண்டு லென்ஸ்களையும் சுற்றிப் பல்வளையம் இருக்கிறது. ஒன்றைத் திருப்பினால் பல் மாட்டி மற்றதும் திரும்பும். எப்போதோ யாரோ துடைக்கக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் போதும், நீங்கள் பார்ப்பது ஒன்று, ஃபிலிம் பார்ப்பது இன்னொன்று. பழைய லூபிடெல்களில் இது ரொம்ப சகஜம். சரிசெய்ய ஒரு சாயங்காலம் ஆகும். எதையும் அவசரப்படுத்தாமல் செய்யுங்கள்.

வேண்டியவை: வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூ டிரைவர், எழுதினால் பேனா பிடிக்கும் வகை மங்கலான செல்லோ டேப், ஒரு உருப்பெருக்கி, பூட்டுத் திருகு உள்ள கேபிள் ரிலீஸ் (ஷட்டரைத் தொடாமல் தட்ட உதவும் கம்பி). மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். இந்தத் திருகுகள் எறும்புத் தலை அளவு. மொசைக் தரையில் விழுந்தால் அடுத்த தீபாவளிக்கு வீடு பெருக்கும்போதுதான் கிடைக்கும்.

கேமராவில் ஃபிலிம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பின்மூடியைத் திறங்கள். உள்ளே சதுர வாசலின் இரு பக்கமும் ஃபிலிம் வழுக்கிப் போகும் மெல்லிய விளிம்புகள் இருக்கும். அந்த விளிம்புகளின் மேல் டேப்பைத் தொய்வில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். டேப் தொய்ந்தால் இதுவரை செய்ததும் வீண், இனிச் செய்வதும் வீண். ஷட்டரை 'பி'யில் (அழுத்திப் பிடிக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, முழுக்கத் திறந்து எஃப்/4.5இல் விட்டு, ஷட்டரை ஏற்றி, கேபிளை அழுத்திப் பூட்டுங்கள். கேபிள் இல்லையென்றால் யாரையாவது நெம்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது கேமராவை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இருக்கும் ஒன்றின் பக்கம் திருப்புங்கள். செல்போன் கோபுரம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, எதுவானாலும் அரை கிலோமீட்டராவது தள்ளி இருக்கட்டும். தலையில் ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டு பார்த்தால் டேப்பில் தொட்டி தலைகீழாகத் தொங்குவது தெரியும். அந்தக் காட்சியைப் பார்க்கும் முதல் முறை எதற்காகத் திறந்தோம் என்பதே மறந்துபோகும்.

உருப்பெருக்கியால் டேப்பைப் பார்த்தபடி தொட்டியின் ஏணிக் கம்பிகள் கூர்மையாகும் வரை லென்ஸைத் திருப்பி, நிறுத்துங்கள். இப்போது தூரக் குறியைப் பாருங்கள். படுத்த எட்டு மாதிரி இருக்கும் முடிவிலிக் குறியில் நிற்கிறதா? மேலே வியூஃபைண்டரின் நடு வட்டத்திலும் கம்பிகள் கூர்மையா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஃபோகஸ் சரியாக இருக்கிறது. டேப்பைப் பிரித்துவிட்டு வேறு காரணம் தேடுங்கள். குறி 8 மீட்டரிலேயே நின்றுவிட்டாலோ, முடிவிலியைத் தாண்டித் திருப்ப வேண்டும் போலிருந்தாலோ கீழ் லென்ஸ் தள்ளி இருக்கிறது. கீழே சரி, மேலே மங்கல் என்றால் மேல் லென்ஸ் மட்டும்.

பல்வளையத்தின் பக்கச் சுவரில் மிகச் சிறிய திருகுகள் தெரியும், பெரும்பாலும் மூன்று. அவற்றை முழுக்கக் கழற்ற வேண்டாம்; அரைச் சுற்று, முக்கால் சுற்று தளர்த்தினால் போதும். அப்போது வளையம் நிற்கும், உள்ளே லென்ஸ் மட்டும் தனியாகத் திரும்பும். முதலில் கீழ் லென்ஸ். வளையத்தை முடிவிலியில் நிறுத்தி, டேப்பில் தொட்டி கூர்மையாகும் வரை லென்ஸை மட்டும் திருப்பி, திருகுகளை இறுக்குங்கள். அதன் பிறகே மேல் லென்ஸ். வளையம் அதே முடிவிலியில் இருக்க, வியூஃபைண்டர் வட்டத்தில் தொட்டி கூர்மையாகும் வரை திருப்பி இறுக்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் மேல் லென்ஸுக்கு மறுபடியும் வேலை வைக்க வேண்டியிருக்கும். கடைசியாக இரண்டு மீட்டர் தள்ளி ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி மேலும் கீழும் ஒத்துப் பாருங்கள். தூரத்தில் பொருந்தி, கிட்டத்தில் பொருந்தவில்லை என்றால் டேப் தொய்ந்திருந்தது, அல்லது இறுக்கும்போது லென்ஸ் ஒரு துளி நகர்ந்தது.

இவ்வளவும் செய்ய மனமில்லையா? எஃப்/11 வைத்து, தூரக் குறியை 10 மீட்டரில் நிறுத்திவிட்டால் சுமார் 5 மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம் வரை எல்லாம் தெளிவாக வரும். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில், நல்ல வெயிலில், 1/250. தெருவில் நடந்தபடி எடுப்பவர்களுக்கு இதுவே போதும். ஆனால் கீழ் லென்ஸ் தள்ளி இருந்தால் இந்த வித்தை பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைத் தீற்றல், சிவப்பு மேகம்

நெகட்டிவில் கருப்பாக, பிரிண்டில் வெள்ளையாக வருவது வெளிச்சக் கசிவு. ஓரத்தைப் பாருங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். கறை படச் சதுரத்தைத் தாண்டி ஃபிலிமின் ஓரம் வரை ஓடியிருந்தால் வெளிச்சம் பின்பக்கமாக வந்திருக்கிறது: மூடி, சிவப்பு ஜன்னல், தளர்ந்த ரோல். கறை சதுரத்துக்குள்ளேயே கோடு கிழித்தாற்போல் நின்றுவிட்டால் முன்பக்கம், அதாவது லென்ஸ், ஷட்டர் வழியாக வந்திருக்கிறது. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம் இடம். ஃபிலிமில் படம் தலைகீழாக, இடவலம் மாறி விழுகிறது. பிரிண்டின் மேல் ஓரத்தில் கறை என்றால் கேமராவின் அடிப்பக்கம் பாருங்கள். பிரிண்டின் இடது ஓரம் என்றால், கேமராவை எடுப்பது போலப் பிடித்திருக்கும்போது உங்கள் வலது கைப் பக்கம்.

ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வட்டமாக ஒரு மங்கல், கலர் ஃபிலிமில் அது ஆரஞ்சு சிவப்பாக இருந்தால், குற்றவாளி சிவப்பு ஜன்னல். அந்தச் சிவப்புக் கண்ணாடி சிவப்பு வெளிச்சத்துக்கு மசியாத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் காலத்து யோசனை. இன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பும் வெளிச்சம்தான். இடையில் பின்தாள் மட்டுமே காவல். எண்ணைப் பார்க்கும் நேரம் தவிர ஜன்னல் மூடியிருக்கட்டும். மூடும் தகடு தளர்ந்திருந்தால் கருப்பு டேப்பில் ஒரு சதுரம் வெட்டி, ஒரு முனையை மடித்துப் பிடியாக விட்டு ஒட்டுங்கள். சுற்றும்போது மட்டும் தூக்கலாம், அதுவும் உடம்பு நிழலில்.

நீள ஓரங்கள் இரண்டிலும், ரோல் முழுக்க, அலை அலையாகப் புகை மாதிரி இருந்தால் ரோல் தளர்வாகச் சுற்றியிருக்கிறது. லூபிடெல்லில் புது ரோல் அடியில், சுற்றிக்கொள்ளும் காலி ஸ்பூல் மேலே. தாளின் நுனியை மேல் ஸ்பூலில் செருகி முதல் சில சுற்றுகள் சுற்றும்போது அடி ரோலை இன்னொரு கை விரலால் லேசாக அழுத்திப் பிடியுங்கள். முடிந்ததும் ரோலை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்து நுனியைச் சுருட்டு இறுக்குவது போல ஒரு முறை இறுக்கி ஒட்டுங்கள். மாட்டுவதும் கழற்றுவதும் நிழலில்.

மூடி கசிகிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன எல்இடி விளக்கை எரியவிட்டு, வெறும் கேமராவுக்குள் வைத்து மூடுங்கள். இருட்டறையில் ஐந்து நிமிடம் உட்காருங்கள், கண் பழகட்டும். பிறகு கேமராவை மெல்லச் சுழற்றிச் சுழற்றிப் பாருங்கள். எங்கிருந்து நூலிழை வெளிச்சம் வருகிறதோ அங்கே கசிவு. சிவப்பு ஜன்னல் சிவப்பாக ஒளிரும், அதற்குப் பயப்பட வேண்டாம். கசியும் மூடிக்கு நிரந்தர வைத்தியம் அதன் பள்ளத்தில் கருப்புக் கம்பளி நூலை ஒட்டுவது. ரோல் மாட்டியதும் மூடியின் ஓரத்தைச் சுற்றிக் கருப்பு டேப் ஒட்டிவிடுவது சோம்பேறி வைத்தியம். நான் மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஒன்று மட்டும் கவனம், எலக்ட்ரிகல் டேப் வெயிலில் பிசினை விட்டுப் போகும். துணி டேப் மேல்.

ஷட்டர் தட்டினால் சத்தமில்லை, அல்லது சோம்பல்

நெம்பை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்றால், ஷட்டரை ஏற்றினீர்களா? புதிதாக வாங்கியவர்கள் பாதிப் பேர் இங்கேதான் கேமரா செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். ஏற்றும் நெம்பு ஒன்று, தட்டும் நெம்பு ஒன்று. முதலில் ஏற்ற வேண்டும்.

ஏற்றியும் தட்டவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது என்றால் உங்கள் மாடலில் செல்ஃப் டைமர் இருக்கிறதா என்று பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த கேமராவில் அந்தப் பற்சக்கரங்களின் எண்ணெய் பசையாகிவிடும். ஆசைக்கு அதை ஒரு முறை தள்ளினால் பாதி தூரம் ஓடி உறங்கிப்போகும், கூடவே ஷட்டரும். விரலால் அந்த நெம்பை அதன் போக்கிலேயே, பலம் கொடுக்காமல், கடைசி வரை தள்ளிவிட்டுப் பாருங்கள். பல நேரம் 'கிளிக்' என்று விடுதலை ஆகும். அதற்குப் பிறகு செல்ஃப் டைமர் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள்.

எல்லாப் படமும் நெகட்டிவில் கனமான கருப்பாக, குறிப்பாக 1/15, 1/30இல் எடுத்தவை, வந்தால் ஷட்டர் மெதுவாக ஓடுகிறது. இதை அளக்க இன்று யாரிடமும் போக வேண்டாம். செல்போனில் ஸ்லோ மோஷன் 240 ஃபிரேம் வையுங்கள். கேமராவின் பின்மூடியைத் திறந்து, லென்ஸை விளக்கின் பக்கம் திருப்பி, பின்னாலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டே ஷட்டரைத் தட்டுங்கள். வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, வெளிச்சம் தெரிகிற ஃபிரேம்களை எண்ணுங்கள். 1/15 சரியாக இருந்தால் 16 ஃபிரேம், 1/30க்கு 8, 1/60க்கு 4. 1/125க்கு இரண்டு. 1/250ஐ இப்படி அளந்து பிரயோசனம் இல்லை. 1/15க்கு 32 ஃபிரேம் வந்தால் வேகம் பாதியாகிவிட்டது, ஒரு ஸ்டாப் அதிக வெளிச்சம், அதாவது இரு மடங்கு. 18, 20 என்றால் விட்டுவிடுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் அதைக் கண்டுகொள்ளாது.

மெதுவாக இருந்தால் முதலில் வெறுமனே முப்பது நாற்பது தடவை ஏற்றித் தட்டுங்கள். தூங்கிய ஸ்பிரிங்குக்கு நடைப்பயிற்சி. அதிலேயே பாதி சரியாகும். ஆகாவிட்டால் பிளேடில் எண்ணெய் ஏறியிருக்கலாம்: பின்மூடி வழியாகப் பார்த்து லென்ஸின் பின்கண்ணாடியைக் கையால் திருகிக் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்தால் ஷட்டர் பிளேடுகள் தெரியும். கருநீலமாக ஈரம் மின்னினால் அது எண்ணெய். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் பட்ஸ் குச்சியை நனைத்து, உதறி, சொட்டாத ஈரத்தில் துடையுங்கள். ஏற்றித் தட்டுங்கள், மறுபடி துடையுங்கள், காய விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் ஊதுவத்திகூட எரியக் கூடாது. எக்காரணம் கொண்டும் தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் உள்ளே விடாதீர்கள். இந்தப் பிளேடுகள் உலர்ந்து ஓட வேண்டியவை. ஒரு கடையில் ஒருவர் என் கண் முன்னாலேயே லென்ஸுக்குள் எண்ணெய் விட்டார். அன்றைக்கு வெண்ணெய் மாதிரி ஓடிய ஷட்டர் ஒரு மாதத்தில் அடியோடு ஒட்டிக்கொண்டது.

சாம்பல் பூத்த படங்கள்

கூர்மை இருக்கிறது, கசிவு இல்லை, ஆனால் கருப்பு கருப்பாக இல்லாமல் எல்லாம் வெளிறிக் கிடக்கிறது. பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் பிடித்து, செல்போன் டார்ச்சை முன்னாலிருந்து காட்டி லென்ஸைச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் கிளை விட்ட மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ். கடலோர ஊர்களில், தோல் உறைக்குள் வருடக்கணக்கில் பூட்டி வைத்த கேமராவுக்கு இது தப்பாது. அந்த உறையை முதலில் கேமராவிடமிருந்து பிரியுங்கள்.

முன்கண்ணாடியைத் துடைக்க அதை முழுக்கத் திருகி வெளியே எடுக்க வேண்டும். மரையிலிருந்து அது கழன்று விடுபடும் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று வளையத்திலும் உடம்பிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மறந்தால் மேலே சொன்ன டேப், தொட்டி, போர்வை எல்லாம் மறுபடி முதலிலிருந்து. துடைத்த பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கண்ணாடி சுத்தமாக இருந்தும் வெளிறினால் வெயில் நேராக லென்ஸில் விழுந்திருக்கும். கையை நிழலாகப் பிடியுங்கள், ஆனால் கொஞ்சம் தள்ளி: கீழ் லென்ஸ் என்ன பார்க்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

நோய் போலத் தெரிந்து நோய் இல்லாதவை

எஃப்/4.5இல் மூலைகள் இருண்டு, ஓரங்கள் குழைந்து வருவது அந்த லென்ஸின் சுபாவம். இதற்காகவே லூபிடெல்லைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் எஃப்/8க்குப் போங்கள்.

வியூஃபைண்டரில் இடது வலதாகத் தெரிவது கண்ணாடி ஒன்றே ஒன்று இருப்பதால். ஓடுகிற குழந்தையைப் பின்தொடர்ந்தால் முதல் வாரம் எதிர்ப் பக்கம் திரும்புவீர்கள், பிறகு கை பழகிவிடும்.

கிட்டத்தில் எடுத்த படங்களில் தலை வெட்டுப்படுகிறதா? பார்க்கும் லென்ஸ் மேலே, எடுக்கும் லென்ஸ் சில சென்டிமீட்டர் கீழே. தூரத்தில் அது தெரியாது. ஒன்றரை மீட்டரில் ஒரு கொண்டை அளவுக்கு வெட்டும். ஃபோகஸ் செய்து முடித்ததும் இரண்டு லென்ஸுக்கும் இடையே உள்ள உயரத்துக்குக் கேமராவைத் தூக்கி எடுங்கள்.

வியூஃபைண்டருக்குள் தூசி, கண்ணாடியில் ரசம் உதிர்ந்த புள்ளிகள், மேல் லென்ஸில் கீறல் இவையெல்லாம் படத்தில் வராது. உள்ளிருக்கும் அந்தக் கண்ணாடியைத் துணியால் தேய்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ரசம் முன்பக்கத்திலேயே பூசியிருந்தால் ஒரே தேய்ப்பில் போய்விடும். ரப்பர் புளோயரால் நாலு ஊது, அதோடு சரி.